நன்றாகப் படிக்கும் மாணவிக்குக் குழுக் கற்றலால் என்ன பயன்?

கேள்வி: கணித ஆசிரியை, குடியாத்தம் வட்டம்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். குடியாத்தத்துக்கு அருகில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பு. பள்ளி திறந்ததிலிருந்து அவர்களை நால்வர் நால்வராகப் பிரித்து உட்கார வைத்திருக்கிறேன். நன்றாகப் படிப்பவர் ஒருவர், தடுமாறுபவர் ஒருவர், இடைநிலையில் இருவர் என்று ஒவ்வொரு குழுவையும் அமைத்து, பாடவேளையின் பிற்பகுதியில் பயிற்சிக் கணக்குகளைச் சேர்ந்து செய்ய வைக்கிறேன். வகுப்பில் சத்தம் கூடியிருக்கிறது. ஆனால் என்னிடம் வாயே திறக்காத பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரிடமாவது சந்தேகம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், வகுப்பில் முதலிடத்தில் இருக்கும் மாணவியின் தந்தை எழுந்து, தம் மகள் படிக்க வேண்டிய நேரத்தை மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில் செலவிடுகிறாள் என்றும், பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் அவளுக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்றும் கேட்டார். அவர் தறி நெய்பவர்; மகள் மேல்நிலையில் கணிதப் பிரிவு எடுக்க வேண்டும் என்று பெரிதும் விரும்புகிறார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்தவருக்கு உதவுவது நல்ல பண்பு என்று மட்டும் பதில் சொல்லி அவரை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அந்தப் பெண்ணின் கணித அறிவுக்கே இதனால் நன்மை உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும்.

இதனோடு வேறு சில தயக்கங்களும் உள்ளன. சில குழுக்களில் ஒருவர் கணக்கைப் போட மற்ற மூவரும் பார்த்து எழுதுகிறார்கள். வீட்டில் கூடிப் படியுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. மாலையில் பல பிள்ளைகள் வீட்டில் பீடி சுற்றவோ தறி வேலைக்கு உதவவோ உட்காருகிறார்கள், இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை வெளியே அனுப்ப மாட்டார்கள். குழுவுக்கென்று மதிப்பெண் கொடுப்பது சரியா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.


பதில் 1: ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை, அணைக்கட்டு ஒன்றியம்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஈராசிரியர் பள்ளிகளிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் இரண்டு அறைகளில் இருக்கும் இடத்தில், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்காவிட்டால் பள்ளியே நடக்காது.

2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அதன் மூலவடிவம் சித்தூரைத் தாண்டி மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்விப் பணியில் உருவானது. கற்க வேண்டிய படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்துத் தன் பாட அட்டையை எடுக்கும் குழந்தை, அந்த அட்டையில் உள்ள படத்துக்கு ஏற்ப ஆசிரியர் உதவி பெறும் குழுவிலோ, சக மாணவர் உதவும் குழுவிலோ, தானே படிக்கும் குழுவிலோ பாயில் போய் உட்காரும். அந்த முறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்து தொலைந்தால் மாற்று அட்டை வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். ஆனாலும் எந்தக் குழந்தை எப்போது யாரிடம் உதவி பெற வேண்டும் என்பது திட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது என்பதை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன். குழு என்பது வகுப்பில் எப்போதும் இருக்கும் நிரந்தர ஏற்பாடாக அங்கே இல்லை. ஒரு வேலைக்காகக் கூடி, அது முடிந்ததும் கலைந்தது.

உங்கள் மாணவியின் தந்தைக்குச் சொல்ல நம் மரபிலேயே பதில் இருக்கிறது. மாணவன் ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்கைத்தான் பெறுவான், உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும், மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த அரைப் பங்கைத்தான் உங்கள் மாணவி இப்போது பெற்றுக்கொண்டிருக்கிறாள். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பித்ததும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி அவர் எழுதி வெளியிட்ட பிறகு, இங்கிலாந்துப் பள்ளிகளில் அது மதராஸ் முறை என்ற பெயராலேயே பரவியது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணையே ஆண்டு முழுவதும் சொல்லிக் கொடுப்பவளாக வைக்காதீர்கள். அவளும் கேட்பவளாக இருக்கும் நாள் வேண்டும். வடிவியல் வரைவதில் கை திருத்தமாக வரும் பிள்ளை, கணக்கில் பின்தங்கியவனாகவும் இருக்கலாம். அன்று அவன் சொல்லிக் கொடுக்கட்டும்.


பதில் 2: இயற்பியல் பேராசிரியர், காட்பாடி

முந்தைய பதிலில் அம்மையார் சொன்ன அரைப் பங்கு எப்படி வந்து சேருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் குழுவில் உட்கார்ந்த எல்லாருக்கும் அது தானாக வந்துவிடுவதில்லை.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் பத்தாவது உறுப்பைக் காண, முதல் உறுப்போடு பொது வித்தியாசத்தை ஒன்பது மடங்கு கூட்ட வேண்டும் என்பது சூத்திரத்தை மனப்பாடம் செய்த எல்லாருக்கும் தெரியும். முதல் மாணவி அதை விரைவாகப் போட்டு முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவாள். பக்கத்தில் இருப்பவன், பத்தாவது உறுப்புக்கு ஏன் பத்து மடங்கு கூட்டக் கூடாது என்று கேட்கும்போதுதான், முதல் உறுப்பில் எதுவும் கூட்டப்படவில்லை, இரண்டாவதில்தான் முதல் முறையாகக் கூட்டுகிறோம் என்பதை அவள் சொல்லில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னவள், பெருக்குத் தொடர்வரிசையில் அடுக்கு ஏன் ஒன்று குறைகிறது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வாள். தேர்வில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டாள். தனியாக உட்கார்ந்து அதே பயிற்சியில் இன்னும் நான்கு கணக்கு போட்டிருந்தால் இந்த லாபம் கிடைத்திருக்காது, ஏனெனில் தெரிந்ததைத் திரும்பச் செய்யும்போது ஏன் என்ற கேள்வி எழுவதே இல்லை.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோரீன் வெப் என்ற ஆய்வாளர், பள்ளிக் குழுக்களில் பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது பேசிக்கொள்வதைப் பல ஆண்டுகள் பதிவு செய்து ஆராய்ந்தார். காரணத்தோடு விளக்கம் சொன்ன பிள்ளைகள் பிறகு தேர்வில் நன்றாகச் செய்தார்கள். வெறும் விடையை மட்டும் பெற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு அதனால் பயன் ஏற்படவில்லை. நீங்கள் குறிப்பிட்ட பார்த்து எழுதும் பழக்கத்துக்கு இதிலேயே மருந்தும் இருக்கிறது. குழுவுக்குள் விடை சொல்லக் கூடாது, வழி சொல்லலாம் என்று ஒரு விதி வையுங்கள்; எந்தக் குழுவிலும் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கரும்பலகையில் அந்தக் கணக்கின் காரணத்தைச் சொல்லச் சொல்வேன் என்பதையும் அறிவித்துவிடுங்கள். தன் பெயர் கூப்பிடப்படலாம் என்று தெரிந்தால் பார்த்து எழுதுபவன் கேட்கத் தொடங்குவான், நன்றாகப் படிப்பவளும் அவனுக்குப் புரிந்ததா என்று உறுதி செய்துகொள்வாள்.

இந்த விதி இல்லாத குழு தளர்ந்துவிடும் என்பது நீண்ட காலமாகவே அறியப்பட்ட செய்தி. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான், பலர் சேர்ந்து கயிறு இழுக்கும்போது ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைவதை அளந்து 1913இல் வெளியிட்டார். 1979இல் அமெரிக்க உளவியலாளர்கள் கைதட்டுவதையும் சத்தமிடுவதையும் வைத்து அதே போக்கைக் கண்டார்கள். தனித்தனியாக யார் எவ்வளவு செய்தார் என்பது தெரியாமல் போகும் இடத்தில்தான் இந்தத் தளர்ச்சி மிகுதியாக வருகிறது. எங்கள் கல்லூரியிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக் குழுக்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். அதனால் நேர்காணலில் ஒவ்வொரு மாணவரிடமும் குழுவில் மற்றவர் செய்த பகுதியைப் பற்றியே கேள்வி கேட்கிறேன்.

தந்தையிடம் சொல்வதற்கு மிகப் பொருத்தமானது என்று நான் கருதுவது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர் செய்த பணி. 1970களில் அங்கே நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோல்வியடைவதும், சீன வம்சாவளி மாணவர்கள் சிறப்பாகத் தேறுவதும் ஏன் என்று அவர் ஆராய்ந்தார். ஏழ்மை, முயற்சிக் குறைவு, குடும்பச் சூழல் என்று பலரும் ஊகித்த காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. அவர் மாணவர்களின் அறைகளுக்கே சென்று அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். தோல்வியடைந்தவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். மற்றவர்கள் முதலில் தனியாகக் கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, மாலையில் கூடி ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, ஒருவராலும் முடியாத கணக்கு எது என்று கண்டுபிடித்தார்கள். தனக்கு மட்டும்தான் இது வரவில்லையா, கணக்கே கடினமானதா என்பது தனியாகப் படிப்பவருக்குத் தெரியாது. ட்ரைஸ்மன் இதற்காகத் தொடங்கிய கூட்டுப் பயிலரங்கைப் பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு என்று அழைக்கவில்லை. திறமையுள்ளோருக்கான கடினமான கணக்குகள் என்றே அறிவித்தார். அதில் சேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன.

இதில் நம் பள்ளிகளுக்கு இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, தனியாக முயன்ற பிறகே குழு கூட வேண்டும். கேள்வியைப் பார்த்தவுடனே கூடினால் வேகமாகப் போடுபவர் விடையைச் சொல்லிவிடுவார், மற்றவர் சிந்திக்கும் வாய்ப்பு போய்விடும். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களில் தம் இயற்பியல் வகுப்புகளில் கொண்டுவந்த முறையும் இதையே செய்கிறது. மாணவர் முதலில் தனியாக விடை தருவார், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுவார், மீண்டும் விடை தருவார். என் வகுப்பில் இதைத் தொடர்ந்து செய்கிறேன். தவறான விடையில் உறுதியாக இருந்தவர் நான் சொல்லி மாறுவதைக் காட்டிலும் நண்பரோடு வாதிட்டு மாறும்போது அந்த மாற்றம் நிலைக்கிறது. இரண்டாவது, மெல்லக் கற்போர் என்ற பெயர்ப்பலகையை ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிட்டுக் குழுவில் சேர்த்தால், அந்தப் பிள்ளை பேசாது. மற்றவர்களும் அதனிடம் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள்.


பதில் 3: பெற்றோர், ஆற்காடு

ஆசிரியர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் பெற்றோர் தரப்பையும் எழுத வேண்டியிருக்கிறது. வகுப்பறைக்குள் பேசிப் படிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வீட்டுக்கு அனுப்பப்படும் குழுச் செயல்திட்டம்தான் எங்களை வருத்துகிறது. தெர்மாகோல், சார்ட் அட்டை, வண்ணக் காகிதம் எல்லாம் ஒரே வீட்டின் செலவில் வாங்கப்படுகின்றன. படம் கடையில் வாங்கி ஒட்டப்படுகிறது. இரவில் உட்கார்ந்து செய்பவர் தாயார். எட்டாம் வகுப்பு வரை, பருவம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்களும் அதில் செயல்பாடுகளுக்கென்று 20 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டபோது, பிள்ளை செய்து பார்க்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் அதைக் கொண்டுவந்திருப்பார்கள். நடைமுறையில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இருக்கும் குழுவுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

என் மகன் இருந்த ஒரு குழுவில் உழைத்தவன் அவன் ஒருவன். நால்வருக்கும் ஒரே மதிப்பெண் வந்தது. அவனுக்கு அதனால் மதிப்பெண் குறையவில்லைதான், ஆனால் உழைப்பவனும் உழைக்காதவனும் ஒன்று என்ற எண்ணம் அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். குழுவாகப் படிக்கட்டும், மதிப்பெண்ணைத் தனித்தனியாகக் கொடுங்கள்.


பதில் 4: சமூக அறிவியல் ஆசிரியர், பேரணாம்பட்டு ஒன்றியம்

ஆற்காட்டுப் பெற்றோர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். வீட்டுக்கு அனுப்பும் குழுப்பணியை நான் நிறுத்திவிட்டேன். கணித ஆசிரியை சொன்னது போல நம் பகுதியில் மாலை நேரம் பிள்ளைகளின் கையில் இல்லை; ஆகவே கூடிச் செய்யும் வேலை முழுவதும் பள்ளி மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

என் வகுப்பில் நன்றாக அமைந்த ஒரு முறையை மட்டும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் 1806ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சி பாடமாக இருக்கிறது. கோட்டையைப் பார்க்காத பிள்ளை நம் வகுப்பில் இராது என்றாலும், பாடத்தைப் படிக்கச் சொன்னால் ஆண்டையும் பெயரையும் ஒப்பிப்பார்கள். அதனால் பாடத்தை நான்காகப் பிரித்தேன். காதணி, நெற்றிக்குறி, தாடி ஆகியவற்றைத் தடுத்த விதிகளும் தோல் கலந்த புதிய தலைப்பாகையும் சிப்பாய்களை ஏன் கொதிக்க வைத்தன என்பது முதல் பகுதி. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அவருடைய பிள்ளைகள் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்தது இரண்டாவது. ஜூலை 10 விடியலுக்கு முன் நடந்த எழுச்சியும், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அதை அடக்கியதும் மூன்றாவது. எழுந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டதும், திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும், ஆளுநர் பெண்டிங்க், தலைமைத் தளபதி கிரடாக் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டதும் நான்காவது.

நால்வர் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. எல்லாக் குழுக்களிலும் முதல் பகுதியைப் பெற்றவர்கள் முதலில் தனியே கூடி அதை நன்றாகப் பேசித் தெளிவார்கள். மற்ற பகுதிகளைப் பெற்றவர்களும் அப்படியே. பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி, தம் பகுதியை மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். ஆற்காட்டுக் குதிரைப்படையைப் பற்றிப் படித்தவன் சொல்லாவிட்டால், எழுச்சி ஒரே நாளில் ஏன் ஒடுங்கியது என்பது குழுவில் யாருக்கும் தெரியாது. அவன் வகுப்பில் கடைசி வரிசைப் பையனாக இருந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் முதல் மாணவி அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். முதலில் தனியே கூடிப் பேசும் கட்டம் இருப்பதால், தெரியாமல் வந்து நிற்கும் அவமானம் அவனுக்கு நேர்வதில்லை. பாடம் முடிந்தபின் நான்கு பகுதிகளிலிருந்தும் கேள்வி கேட்டுத் தனித்தனியாகச் சிறுதேர்வு வைக்கிறேன், மதிப்பெண் அவரவருக்கே.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1971இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்தில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டபோது எழுந்த பகையைத் தணிக்க, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் தம் மாணவர்களோடு வகுத்த முறை இது. நம் வகுப்புகளிலும் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு பக்கமும் காலனியிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு பக்கமும் தாமாகவே உட்காருவதை ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால் குழுவும் அப்படியே அமையும். அதனால் குழுவை ஆசிரியர்தான் அமைக்க வேண்டும், அவ்வப்போது மாற்றவும் வேண்டும். யார் குறிப்பு எழுதுவது, யார் எழுந்து பேசுவது, யார் பெருக்கி ஒழுங்கு செய்வது என்பதும் முறைவைத்து மாற வேண்டும். இல்லாவிட்டால் பேசுவது எப்போதும் ஒரு வீட்டுப் பிள்ளையாகவும், பெருக்குவது எப்போதும் இன்னொரு வீட்டுப் பிள்ளையாகவும் ஆகிவிடும். பெண் பிள்ளைகள் அழகாக எழுதுவார்கள் என்று சொல்லி எழுத்துவேலையை அவர்களிடமே தள்ளும் பழக்கத்தையும் இதோடு சேர்த்தே நிறுத்த வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். தமிழில் ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் ஒரு மாணவி, தன் குழுவில் உருது தெரிந்த ஒருத்தி இருந்தால் அவளிடம் உருதுவில் கேட்டுத் தெளிந்து, பிறகு தமிழில் எழுந்து சொல்கிறாள். வீட்டு மொழியில் பேசக் கூடாது என்று நான் தடுப்பதில்லை. அப்படிப்பட்ட இருவராவது ஒரு குழுவில் இருக்கும்படி அமைக்கிறேன், ஆனால் ஒரே மொழி பேசுபவர்கள் நால்வரையும் ஒன்றாக வைப்பதில்லை. வைத்தால் தமிழில் பேசும் தேவையே அவர்களுக்கு வராமல் போய்விடும்.


மறுமொழி: கணித ஆசிரியை, குடியாத்தம் வட்டம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் தந்தையை அடுத்த வாரம் பள்ளிக்கு அழைத்திருக்கிறேன். நான் விளக்கம் சொல்வதைவிட, தொடர்வரிசைக் கணக்கை அவர் மகள் குழுவில் விளக்கும்போது அவரே பின்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும் என்று நினைக்கிறேன். குழு மதிப்பெண் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். தனியாக முயன்ற பிறகே கூடுவது, விடை சொல்லாமல் வழி சொல்வது, யாரை வேண்டுமானாலும் எழுப்புவது ஆகிய மூன்றையும் திங்கட்கிழமை முதல் நடைமுறைப்படுத்துகிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால், திருப்புதல் நாட்களில் குழுக்களைக் கலைத்துவிட்டுத் தனியாகவே படிக்க விடலாமா, அல்லது அப்போதும் சேர்ந்து செய்யத்தக்க வேலை ஏதேனும் உண்டா?


பதில் 5: கணித ஆசிரியர், வாலாஜாபேட்டை

அம்மா, நால்வர் குழுவைத் திருப்புதலுக்கு நான் வைப்பதில்லை. இருவர் இருவராகப் பிரித்துவிடுகிறேன். நேரம் குறைவாக இருக்கும்போது நால்வரில் இருவர் பேச்சில் நழுவிவிடுவார்கள். இருவர் மட்டும் இருந்தால் ஒருவர் வாய் திறந்தே ஆக வேண்டும்.

நம் வினாத்தாளில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 35ஐத் தொடப் போராடும் பிள்ளைகளுக்கு அந்த 16தான் பெரிய நம்பிக்கை, 100ஐ எதிர்பார்க்கும் பிள்ளைகள் ஒன்றிரண்டை இழப்பதும் பெரும்பாலும் அங்கேதான். முதலில் இருவரும் தனித்தனியாக வரைய வேண்டும். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, விடைக்குறிப்பை வைத்து ஒருவர் தாளை மற்றவர் திருத்த வேண்டும். உதவிப்படம் வரைந்து அளவுகளைக் குறித்திருக்கிறாரா, வில்கள் தெளிவாகத் தெரிகின்றனவா, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதியிருக்கிறாரா, அட்டவணையின் மதிப்புகளும் தாளில் உள்ள புள்ளிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, மதிப்பெண்ணைப் பென்சிலால் போட்டு, குறைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணத்தை ஓரத்தில் எழுத வேண்டும். தாளுக்குரியவர் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை என்றால் மட்டும் இருவரும் சேர்ந்து என்னிடம் வரலாம்.

முதல் மாணவியின் தாளைப் பின்தங்கியவர் திருத்துவதிலும் பயன் உண்டு. சரியாக வரையப்பட்ட படத்தை விடைக்குறிப்போடு ஒப்பிட்டு அடியடியாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வேறெப்போதும் கிடைப்பதில்லை. அளவுத்திட்டம் எழுத மறந்த முதல் மாணவி, பக்கத்தில் இருப்பவர் ஒரு மதிப்பெண் குறைத்து எழுதித் தந்தபிறகு, பொதுத்தேர்வு வரை அதை மறப்பதில்லை. தந்தை வரும் நாள் திருப்புதல் நாளாக அமைந்தால் அவருக்கு இதையும் காட்டுங்கள். விடைக்குறிப்பை இருவருக்கு ஒரு பிரதி என்று எடுத்து வைத்தால் போதும். திருத்தி முடித்தவுடன் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த பிரிவுக்கும் பயன்படும்.